தாக்குப்பிடிக்கும் உடல்கள்

1988 ஜூன் 19. கலிஃபோர்னியாவின் இங்கிள்வுட் நகரில் ஃபோரம் அரங்கம். என்பிஏ கூடைப்பந்து இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸுக்கு எதிராக டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் மூன்றுக்கு இரண்டு என்று முன்னால் நிற்கிறது. இந்த ஆட்டத்தை வென்றுவிட்டால் அந்த அணியின் முதல் பட்டம் கைக்கு வந்துவிடும். மூன்றாம் கால்பகுதியில் பிஸ்டன்ஸின் பாயின்ட் கார்டு ஐசேயா தாமஸ் எறிவதெல்லாம் கூடைக்குள் விழுந்துகொண்டிருந்தது. அப்போது ஓட்டத்தில் அவருடைய வலது பாதம் எதிரணியின் மைக்கேல் கூப்பருடைய பாதத்தின்மேல் இறங்கியது. உள்ளங்கால் உட்புறம் திரும்ப, கணுக்கால் வெளிப்புறமாகச் சரிந்து மடங்கியது. தரையில் விழுந்தவர் ஆட்டத்தை விட்டு வெளியேறினார்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, திரும்பி வந்தார். காலை இழுத்து இழுத்து, நொண்டியபடியே ஆடி, அந்தக் கால்பகுதி முடிவதற்குள் மேலும் 11 புள்ளிகள் எடுத்தார். அந்தப் 12 நிமிடத்தில் மொத்தம் 25. இறுதித் தொடரின் ஒரே கால்பகுதியில் இன்றுவரை வேறு யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. ஆட்டம் முடிந்தபோது அவர் கணக்கில் 43 புள்ளிகள், 8 அசிஸ்டுகள், எதிரணியிடமிருந்து தட்டிப் பறித்த பந்துகள் 6. அத்தனையும் போதவில்லை. 14 நொடி மிச்சமிருக்கும்போது லேக்கர்ஸின் கரீம் அப்துல் ஜப்பார் இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் போட்டார். லேக்கர்ஸ் 103, பிஸ்டன்ஸ் 102.

கூடைப்பந்தை நேசிப்பவர்கள் இருவர் உட்கார்ந்து பேசினால் எப்படியும் இந்தக் கால்பகுதிக்கு வந்து சேர்வார்கள். பாயின்ட் கார்டுகளில் ஆக உறுதியானவர் யார், முதலிடம் யாருக்கு என்று பேச்சு தொடங்கும். ஒருவர் ஐசேயா என்பார். மற்றவர் ஜான் ஸ்டாக்டன் ஆடிய ஆண்டுகளை எண்ணிக் காட்டுவார். மேஜிக் ஜான்சன், ஸ்டீவ் நாஷ், ஸ்டெஃபன் கரி என்று பெயர்கள் வரிசையாக வரும். விடிய விடியப் பேசினாலும் தீராது. ரசிகர்களின் பிடிவாதம்தான் இதற்குக் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த வாக்குவாதம் தீராமல் இருப்பதற்கு உடலுக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது, கணிதத்தில் இன்னொரு காரணம் இருக்கிறது. இரண்டும் ஆட்டத்தைப்போலவே அழகானவை.

பாயின்ட் கார்டு என்பவர் யார் என்று ஒரு வார்த்தை. களத்தில் இருக்கும் ஐவரில் பெரும்பாலும் இவர்தான் குள்ளமானவர். பந்தைத் தட்டிக்கொண்டே முன்னேறி, மற்ற நால்வரும் எங்கே நிற்க வேண்டும், பந்து யாருக்கு எப்போது போக வேண்டும் என்று தீர்மானிப்பவர். இவர் கொடுத்த பந்தை வாங்கியவர் கூடையில் போட்டால் இவருக்கு ஓர் அசிஸ்ட். 24 நொடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற விதி 1954இல் வந்த பிறகு இந்த வேலை இன்னும் கடினமாயிற்று. நெடிய மனிதர்களின் காட்டுக்குள் ஒரு நாளைக்கு ஐம்பது முறை நுழைந்து வெளியே வருபவர் இவர். உறுதி பற்றிய பேச்சு இவரைச் சுற்றியே நடப்பது இயல்புதான்.

உலோகங்களை ஆராய்பவர்கள் நாம் உறுதி என்று ஒரே சொல்லில் சொல்வதை மூன்றாகப் பிரிப்பார்கள். கீறலுக்கு இடம் கொடுக்காமல் இருப்பது ஒன்று, அது கடினம். இழுத்தாலும் அழுத்தினாலும் விட்டுக்கொடுக்காமல் இருப்பது இன்னொன்று, அது வலிமை. மூன்றாவது, ஓங்கி அடி விழும்போது உடையாமல் எவ்வளவு ஆற்றலை உள்ளே வாங்கிக்கொள்ள முடியும் என்பது. இதற்கு நம் பேச்சுத் தமிழிலேயே பொருத்தமான சொல் இருக்கிறது: தாக்குப்பிடித்தல். கண்ணாடி கடினமானது, இரும்பாணியால் அதில் எளிதில் கீறல் போட முடியாது. ஆனால் கைதவறி விழுந்தால் சிதறிவிடும். சாதாரண இரும்புக் கம்பி அடித்தால் வளையும், நெளியும், உடையாது. 1901இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் ஷார்பி இதை அளக்க ஒரு வழி செய்தார். ஊசல்போல் தொங்கும் கனமான சுத்தியலை ஒரு குறிப்பிட்ட உயரத்திலிருந்து விடுவார்கள். கீழே வைத்த உலோகத் துண்டை உடைத்துக்கொண்டு அது மறுபக்கம் ஏறும். ஏறும் உயரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு ஆற்றலை அந்தத் துண்டு விழுங்கியிருக்கிறது. எவ்வளவு எளிய சோதனை! இன்றும் பாலங்களுக்கும் கப்பல்களுக்கும் எஃகு தேர்ந்தெடுக்கும்போது இதைச் செய்கிறார்கள்.

களத்தில் ஓடும் உடலும் இந்தச் சோதனைக்கு நூறு முறை உட்படுகிறது. துள்ளி எழுந்து தரையிறங்கும் வீரரின் முழங்காலும் இடுப்பும் மடங்குகின்றன. தொடைத் தசை சுருங்க முயன்றபடியே நீள்கிறது. விழுந்த வேகத்தை அப்படித்தான் அது வாங்கிக்கொள்கிறது. விறைத்த காலில் இறங்கினால் அதே ஆற்றல் எலும்பிலும் குருத்தெலும்பிலும் போய் முட்டும். மோதலிலும் இதே கதைதான். கூடைப்பந்தில் ஸ்கிரீன் என்றொரு உத்தி உண்டு: 110 கிலோ எடையுள்ள ஒருவர் அசையாமல் வழியில் நின்றுகொள்வார், பந்து வைத்திருப்பவரைத் துரத்தி வரும் 80 கிலோ கார்டு அவர்மேல் மோதுவார். அவருடைய வேகம் சுழியாகிவிடும் என்பது உறுதி. எவ்வளவு நேரத்தில் என்பதில்தான் வித்தியாசம். பத்தில் ஒரு நொடியில் நின்றால் ஒரு விசை. தோளைத் திருப்பி, உடலைச் சரித்து, அதை இரு மடங்கு நேரமாக்கினால் விசை பாதி. அதனால்தான் நல்ல அணிகளில் பின்னால் நிற்பவர்கள் ஓயாமல் கத்திக்கொண்டே இருக்கிறார்கள்: இடப்பக்கம் ஸ்கிரீன், வலப்பக்கம் ஸ்கிரீன். அந்தக் குரல் கார்டின் உடலுக்கு ஒரு கவசம்.

மக்ஸி போக்ஸின் உயரம் 1.60 மீட்டர். என்பிஏ வரலாற்றில் அவரைவிடக் குள்ளமானவர் யாரும் ஆடியதில்லை. 1987 முதல் 14 பருவங்கள் ஆடினார், 6,726 அசிஸ்டுகள் கொடுத்தார். ஏழடிக்காரர்களின் அரங்கில் இது எப்படி முடிந்தது? தரைக்கு அருகில் தட்டப்படும் பந்து மேலெழுந்து கைக்குத் திரும்ப எடுக்கும் நேரம் குறைவு. அதைப் பறிக்க ஒரு நெடியவர் குனிந்தாக வேண்டும், குனிந்தவரால் விரைவாகத் திசை மாற முடியாது. எடைமையம் தாழ்ந்திருப்பவரைத் தள்ளிச் சாய்ப்பதும் கடினம். உயரத்தில் கிடைக்காததை அவர் நிலைத்தன்மையில் எடுத்துக்கொண்டார். உறுதியானவர்களின் பட்டியல்களில் இவர் பெயர் வராதபோதெல்லாம் எனக்கு மனம் ஒப்புவதில்லை.

இனி வலி. ஐசேயாவின் கணுக்காலுக்குத் திரும்புவோம்.

கணுக்காலின் வெளிப்புறத்தில் எலும்போடு எலும்பைக் கட்டிவைத்திருக்கும் நார்கள் மூன்று. பாதம் உட்புறம் மடங்கும்போது முதலில் இழுபடுவது முன்பக்கத்து நார். மூன்றில் நலிந்ததும் அதுதான். அது கிழிந்தால் சுற்றியுள்ள நுண்குழாய்கள் உடைந்து இரத்தமும் நீரும் கசியத் தொடங்கும். ஆனால் வீக்கம் முழுதாக வந்து மூட்டு இறுகுவதற்குப் பல மணி நேரம் ஆகும். ஆட்டம் சூடாக இருந்த அந்த இடைவெளிக்குள் ஐசேயா ஆடி முடித்தார். இரண்டு நாள் கழித்து ஏழாவது ஆட்டத்தில் அதே மனிதர், அதே மன உறுதி, எடுத்தவை 10 புள்ளிகள். பிஸ்டன்ஸ் 108-105 என்று தோற்றது. மனம் கேட்டதைக் கணுக்கால் இந்த முறை கொடுக்கவில்லை.

அப்படியானால் அந்த மூன்றாம் கால்பகுதியில் வலி எங்கே போயிற்று? 1944இல் இத்தாலியின் ஆன்சியோ கடற்கரைப் போர்முனையில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர் இதே கேள்வியைத்தான் கேட்டார். உடல் கிழிந்து வந்த வீரர்களிடம் வலிக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டபோது நான்கில் மூவர் வேண்டாம் என்றார்கள். அதிர்ச்சியில் உறைந்துபோனவர்கள் இல்லை, தெளிவாகப் பேசினார்கள். ஊசி குத்தினால் எல்லோரையும்போல முகம் சுளித்தார்கள். காயத்தின் அளவும் வலியின் அளவும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று 1946இல் பீச்சர் எழுதினார். போரிலிருந்து உயிரோடு வெளியேறிவிட்டோம் என்ற எண்ணம் அந்தக் காயத்தின் பொருளையே மாற்றியிருக்கிறது என்பது அவர் கண்டது.

1965இல் ரொனால்ட் மெல்ஸாக்கும் பேட்ரிக் வாலும் இதற்கு ஓர் அமைப்பை முன்வைத்தார்கள். தண்டுவடத்தில் ஒரு வாயில் இருக்கிறது. வலிச் செய்தி அதைத் தாண்டித்தான் மூளைக்குப் போக முடியும். அந்த வாயிலைத் திறப்பதும் சாத்துவதும் மற்றச் செய்திகளின் கையில் இருக்கிறது. கால் விரலை இடித்துக்கொண்டால் கை தானாகவே போய் அந்த இடத்தைத் தேய்க்கிறதே, தொடுகைச் செய்தி வலியை முந்திக்கொண்டு வாயிலை நெருக்குவதால்தான் அது இதமாக இருக்கிறது. மேலிருந்தும் ஒரு கை அதைச் சாத்தும். நடுமூளையின் உட்பகுதியில் ஒரு சிறிய இடத்தை மின்சாரத்தால் தூண்டியபோது மயக்க மருந்தே இல்லாமல் எலிகளுக்கு வயிற்று அறுவை செய்ய முடிந்ததை 1969இல் ஓர் ஆய்வு காட்டியது. 1975இல் ஸ்காட்லாந்தின் அபெர்டீனில் ஜான் ஹியூஸும் ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸும் பன்றி மூளையிலிருந்து, அபின்போல் வேலைசெய்யும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். மூளை தனக்கு வேண்டிய வலிநிவாரணியைத் தானே வடித்துக்கொள்கிறது! கண்டுபிடித்து அரை நூற்றாண்டு ஆகியும் இது என்னை வியக்க வைக்கிறது.

ஆகவே வலி என்பது காயத்தின் அளவுகோல் இல்லை. இப்போது இந்தச் செய்தியைக் கேட்கலாமா, பிறகு கேட்கலாமா என்று மூளை எடுக்கும் முடிவும் அதில் கலந்திருக்கிறது. விளையாட்டு வீரர்களையும் மற்றவர்களையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளை 2012இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். வலி தொடங்கும் இடத்தில் இரு சாராருக்கும் தெளிவான வேறுபாடு இல்லை. தொடங்கிய வலியை எதுவரை தாங்குகிறார்கள் என்பதில் வீரர்கள் மேலே இருந்தார்கள். அவர்களுக்கும் வலிக்கத்தான் செய்கிறது. வலித்துக்கொண்டே இருக்கும்போது என்ன செய்வது என்று அவர்கள் பழகியிருக்கிறார்கள்.

நாஷின் பழக்கம் இன்னும் விசித்திரமானது. அவருடைய முதுகெலும்பில் ஒரு முள்ளெலும்பு கீழே உள்ளதன்மேல் சற்று முன்னோக்கி நழுவியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் தசைகள் இறுகிவிடும். அதனால் களத்திலிருந்து ஓய்வுக்கு வரும்போதெல்லாம் ஆயிரக்கணக்கானோர் பார்க்க, பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் நீட்டிப் படுத்துக்கொள்வார். அப்படி ஆடித்தான் 2005லும் 2006லும் லீகின் சிறந்த வீரர் விருதை வாங்கினார். 2010 மே மாதம் சான் அன்டோனியோவில் எதிரணியின் டிம் டங்கனின் முழங்கை பட்டு நாஷின் வலது புருவம் கிழிந்தது. ஆறு தையல் போட்டார்கள். கண் வீங்கி முழுதாக மூடிக்கொண்டது. ஒற்றைக் கண்ணோடு ஆடி அந்த ஆட்டத்தில் 20 புள்ளிகளும் 9 அசிஸ்டுகளும் எடுத்தார். அவருடைய அணியான ஃபீனிக்ஸ் சன்ஸ் தொடரை 4-0 என்று வென்று முடித்தது. இரு கண்ணும் தரும் ஆழ உணர்வு கைக்கெட்டும் தூரத்தில்தான் மிகக் கூர்மையானது. சில மீட்டர் தள்ளி இருக்கும் கூடையைப் பொறுத்தவரை வளையத்தின் அளவும் பலகையின் கோணமும் மூளைக்கு மனப்பாடம். எறிவதற்கு ஒரு கண் போதும். வலப்பக்கம் ஒளிந்துபோன அந்தப் பகுதியில் தன் ஆள் எங்கே நிற்கிறார் என்பதுதான் கடினமான கேள்வி.

அதற்கும் ஒரு விடை உண்டு. 1980இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஃபிரான் அலார்டும் உடன் பணியாற்றியவர்களும் கூடைப்பந்துக் காட்சிகளின் படங்களைச் சில நொடி மட்டும் காட்டி, யார் எங்கே நின்றார்கள் என்று கேட்டார்கள். ஒழுங்கான ஆட்டக் காட்சி என்றால் ஆடிப் பழகியவர்கள் மற்றவர்களைவிட நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். கலைந்து கிடக்கும் காட்சி என்றால் அந்த அனுகூலம் மறைந்துவிட்டது. அவர்கள் பத்துப் பேரைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. ஒரு கோலத்தின் நான்கு புள்ளிகளைக் கண்டதும் மீதியை மனத்திலேயே இழுத்து முடிப்பதுபோல, தெரிந்த ஓர் அமைப்பாக மொத்தத்தையும் பார்க்கிறார்கள். நாஷுக்கு அன்று மறைந்திருந்த பகுதியும் தெரிந்த கோலத்தின் ஒரு துண்டுதான்.

ஐசேயாவின் கால்பகுதி, நாஷின் கண் எல்லாம் ஓர் இரவின் உறுதி. ஸ்டாக்டனுடையது 19 ஆண்டு உறுதி. யூட்டா ஜாஸ் அணிக்காக 1984 முதல் 2003 வரை ஆடினார். அந்தக் காலத்தில் அணி ஆடிய வழக்கமான பருவ ஆட்டங்கள் 1,526. அவர் ஆடியவை 1,504. தவறவிட்டவை 22 மட்டுமே, நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை. அதிலும் 18, முழங்கால் அறுவை செய்துகொண்ட ஒரே பருவத்தில். மற்றொரு பருவத்தில் 4. மீதி 17 பருவங்களில் ஓர் ஆட்டத்துக்குக்கூட வராமல் இருந்ததில்லை. கடைசிப் பருவத்தில் வயது 41ஐத் தொட்டபோதும் 82 ஆட்டமும் ஆடினார். 15,806 அசிஸ்டுகளும் 3,265 பந்துப் பறிப்புகளும் அவர் பெயரில் இருக்கின்றன. இரண்டையும் யாரும் நெருங்கவில்லை.

இந்த உறுதியில் நாடகம் இல்லை, அதனால் ஒளிப்படத்தில் விழாது. ஒவ்வோர் ஆட்டமும் தசையிலும் நாணிலும் எலும்பிலும் கண்ணுக்குத் தெரியாத சிறு விரிசல்களை விட்டுச் செல்கிறது. இரவில் தூக்கத்திலும் மறுநாள் ஓய்விலும் உடல் அவற்றை அடைக்கிறது. தசை விரைவாகச் சீராகும். தசையை எலும்போடு கட்டும் நாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு. அது மெதுவாகத்தான் மாறும். சேதமும் சீரமைப்பும் ஒன்றையொன்று சமன்செய்யும் ஒரு குறுகிய வரப்பு உண்டு. ஸ்டாக்டன் 19 ஆண்டுகள் அந்த வரப்பின்மேல் நடந்தார். அதுவும் ஒதுங்கி ஆடி இல்லை. தன்னைவிட 30 கிலோ கனமானவர்களின் வழியில் போய் ஸ்கிரீன் வைத்துக்கொண்டே.

கரியின் கதை எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடிக்கும். 2011-12இல் அவர் ஒரு நோயாளிபோலத்தான் இருந்தார். வலது கணுக்கால் திரும்பத் திரும்பச் சுளுக்கிக்கொண்டது. 2011இல் ஓர் அறுவை, 2012இல் இன்னொன்று. சுருக்கப்பட்ட அந்தப் பருவத்தில் ஆடியது 26 ஆட்டம். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அவரோடு நான்கு ஆண்டுக்கு 44 மில்லியன் டாலர் ஒப்பந்தம் செய்ததே பலருக்கு அகலக்கால் வைப்பதாகத் தெரிந்தது. பிறகு பயிற்சியாளர்கள் கணுக்காலை விட்டுவிட்டு இடுப்பைப் பார்த்தார்கள். திடீரென்று நின்று திசைமாறும்போது அந்த விசையை யார் வாங்குகிறார்கள்? இடுப்பின் பெரிய தசைகள் தங்கள் பங்கை எடுக்காவிட்டால் சுமை கீழே இறங்கி அந்த மெல்லிய நார்களில் போய் உட்காரும். கரி இடுப்பை மடித்து எடை தூக்கிப் பழகினார். தன் எடையைப்போல இரு மடங்குக்கும் மேலாக, 400 பவுண்டு வரை. அடுத்த பருவத்தில் 78 ஆட்டம் ஆடினார். அதன் பிறகு நான்கு பட்டங்கள். பலவீனமான இடத்தை அங்கேயே சரிசெய்யப் பார்க்காமல், அதற்கு மேலே வேலைக்காரர்களைக் கூட்டிவிட்டார்கள். ஷார்பியின் சுத்தியல் அதேதான். அடியை வாங்கும் துண்டு பெரிதாகிவிட்டது.

இவர்களில் யாரை முதலில் வைப்பது? கணிதம் சொல்லும் காரணத்தை இப்போது பார்க்கலாம். நிஜமான மூன்று பேரையும் நிஜமான மூன்று அளவுகோல்களையும் எடுத்துக்கொள்வோம்: ஸ்டாக்டன், ஐசேயா, மேஜிக். ஆடிய ஆட்டங்களில் ஸ்டாக்டன் 1,504, ஐசேயா 979, மேஜிக் 906. ஓர் ஆட்டத்துக்குச் சராசரி அசிஸ்டுகளில் மேஜிக் 11.2, ஸ்டாக்டன் 10.5, ஐசேயா 9.3. பட்டத்துக்கான சுற்றுகளில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரிப் புள்ளிகளில் ஐசேயா 20.4, மேஜிக் 19.5, ஸ்டாக்டன் 13.4. இனி இருவர் இருவராக நிறுத்திப் பாருங்கள். ஸ்டாக்டன் ஐசேயாவை இரண்டு அளவுகோல்களில் வெல்கிறார். ஐசேயா மேஜிக்கை இரண்டில் வெல்கிறார். அப்படியானால் ஸ்டாக்டன் மேஜிக்கையும் வெல்ல வேண்டுமே? இல்லை. மேஜிக்தான் ஸ்டாக்டனை இரண்டில் வெல்கிறார். ஏணி என்று நினைத்து ஏறினால் வட்டமாகச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுகிறோம்.

பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்சே 1785இல் வாக்கெடுப்புகளில் கண்ட சுழல் இது. ஒவ்வொருவரின் விருப்பமும் நேர்வரிசையாக இருந்தாலும் கூட்டிப் பார்க்கும்போது வளையமாகலாம். 1951இல் கென்னத் ஆரோ இதை இன்னும் ஆழமாக நிறுவினார்: தெரிவுகள் மூன்றோ அதற்கு மேலோ இருக்கும்போது, நாம் நியாயம் என்று கருதும் சில எளிய நிபந்தனைகள் அனைத்தையும் எப்போதும் காப்பாற்றி, பல வரிசைகளை ஒரே வரிசையாக்கும் முறை எதுவும் இருக்க முடியாது. அளவுகோல்களை வாக்காளர்களாக எண்ணிக்கொண்டால் நம் வாக்குவாதமும் இதே சுவரில்தான் முட்டுகிறது. எந்த அளவுகோலுக்கு எவ்வளவு எடை என்று நீங்கள் முடிவுசெய்யும் கணத்தில் விடை வந்துவிடும். அந்த எடையைத் தரும் தராசு களத்தில் எங்கும் இல்லை. என்பிஏ தன் 75ஆம் ஆண்டுக்கு 75 சிறந்த வீரர்களைத் தேர்ந்தெடுக்க 2021இல் வாக்கெடுப்பு நடத்தியபோது, கடைசி இடத்தில் வாக்குகள் சமமாகி 76 பெயர்கள் வந்தன. யாரையும் வெட்டாமல் அப்படியே அறிவித்தார்கள். மிகச் சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

எண்களுக்குப் பின்னாலும் உடல்கள் இருக்கின்றன. மேஜிக்கின் 906 அவ்வளவில் நின்றது எச்ஐவி தொற்றால். 1991 நவம்பர் 7 அன்று ஊடகங்களின் முன் நின்று தானே அதைச் சொன்னார். அந்த நோயைப் பற்றி வாய்திறக்கவே உலகம் அஞ்சிய நாட்கள் அவை. மறு ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆடித் தங்கம் வென்றார். அதே அணியில் ஸ்டாக்டனும் இருந்தார், சில வாரங்களுக்கு முன் தகுதிச் சுற்றில் முறிந்த காலெலும்போடு. ஐசேயாவை அந்த அணியில் சேர்க்கவில்லை. இதில் எதை எந்தக் கட்டத்தில் எழுதி எந்த எண்ணால் பெருக்குவது?

ஐசேயாவின் 979க்கும் ஒரு காரணம் உண்டு. 1994 ஏப்ரலில், 32 வயதில், அவருடைய குதிகால் நாண் அறுந்தது. அத்தோடு ஓய்வு பெற்றார். கெண்டைத் தசைகளைக் குதிகால் எலும்போடு கட்டும் இந்த அகிலீஸ் நாண்தான் உடலிலேயே தடித்தது. ஓடும்போது உடல் எடையைப்போலப் பல மடங்கு இழுவையைத் தாங்கி, வில்லின் நாண்போல நீண்டு, அந்த ஆற்றலை அடுத்த அடிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. குதிகால் தாழ்ந்திருக்கும் நிலையில் முழங்காலை நீட்டி முன்னே பாய்வதுதான் அதற்கு ஆகக் கடுமையான கணம். பாயின்ட் கார்டு ஒவ்வொரு முறை எதிராளியைக் கடக்கும்போதும் செய்வது அதுதான்.

2025 இறுதித் தொடர். இண்டியானா பேசர்ஸின் பாயின்ட் கார்டு டைரீஸ் ஹாலிபர்ட்டனுக்கு ஓக்லஹோமா சிட்டி தண்டருக்கு எதிரான ஐந்தாவது ஆட்டத்தில் வலது கெண்டைத் தசை அளவுமீறி இழுபட்டுக் காயமடைந்தது. ஆறாவது ஆட்டம் ஜூன் 19. ஐசேயா நொண்டிக்கொண்டு ஆடிய அதே நாள், 37 ஆண்டு கழித்து. ஹாலிபர்ட்டன் ஆடினார், பேசர்ஸ் வென்றது, தொடர் சமமாயிற்று. ஜூன் 22, ஏழாவது ஆட்டம். முதல் ஏழு நிமிடத்தில் தொலைவிலிருந்து மூன்று மூன்று-புள்ளி எறிதல்களைப் போட்டார். பிறகு பந்தோடு முன்னே பாயக் காலை ஊன்றினார். யாரும் அவரைத் தொடவில்லை. வலது குதிகால் நாண் அறுந்து தரையில் விழுந்தார். கையால் தரையை அடித்து அடித்து அழுதார்.

கெண்டைத் தசையும் அந்த நாணும் ஒரே கயிற்றின் இரு பகுதிகள். தசை தன் பங்கை வாங்க முடியாதபோது மீதிச் சுமை கயிற்றில் எங்காவது போய்ச் சேர வேண்டும். வலி அதைத்தான் சொல்ல வருகிறது; பீச்சரின் வீரர்களுக்குச் செய்ததைப்போல மூளை அதன் வாயைப் பொத்துகிறது. அந்தக் கொடையால்தான் 1988இன் அந்தக் கால்பகுதி நமக்குக் கிடைத்தது. அதே கொடைதான் இங்கேயும் வேலை செய்தது. 25 வயது இளைஞர் ஒருவர் தரையில் கிடந்ததைப் பார்த்த பிறகு, காயத்தோடு ஆடுவதை உறுதிக்கு உரைகல்லாக வைத்துப் பேச என்னால் முடிவதில்லை. ஆனால் ஹாலிபர்ட்டன் அப்படி நினைக்கவில்லை. மீண்டும் வாய்ப்பு வந்தால் மீண்டும் அதையே செய்வேன் என்ற பொருளில்தான் பிறகு எழுதினார். என் கருத்தைவிட அவர் சொல்லுக்கே எடை அதிகம், கால் அவருடையது.

அன்று இரவு பேசர்ஸ் 103-91 என்று தோற்றது. அணியினர் ஒவ்வொருவராகக் களத்திலிருந்து உள்ளே வந்தபோது, ஊன்றுகோல்களில் சாய்ந்தபடி அவர் அவர்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.